மூன்று சாட்சியங்கள்: நாட்பட்ட நோயும் வாழ்வின் தரமும்

பிரச்னையின் இயல்பு

விஷக் காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் சிகிச்சை செய்யும் வைத்தியரின் வேலைக்கு ஓர் ஆரம்பமும் ஒரு முடிவும் உண்டு. உடம்பு தேறியவுடன் நோயாளி தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறார், வைத்தியரும் அவரை மறந்துவிடுகிறார், இருவருக்கும் அதில் குறையில்லை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு, மூட்டுவாதம், ஆஸ்துமா முதலிய நாட்பட்ட வியாதிகளிலோ அத்தகைய முடிவு வாய்ப்பதில்லை. அவற்றுக்கு அளிக்கப்படும் சிகிச்சையின் நோக்கமெல்லாம், வியாதியை உடன்வைத்துக்கொண்டே ஒருவர் இருபது முப்பது ஆண்டுகள் காலந்தள்ளுவதற்கு வேண்டிய வசதியைச் செய்துகொடுப்பதுதான். ஆகவே அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவையாக அமைகின்றன என்னும் கேள்வி, ஓய்வு கிடைத்தபோது எழுப்பிப் பார்க்கும் துணைக்கேள்வியாக இராமல், சிகிச்சையின் பலாபலனை நிர்ணயிக்கும் முதற்கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

இக்கேள்வியை ஆராய்வதற்குத் தக்க இடம் பொது வைத்தியரின் அறை. கண்ணுக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், இருதயத்துக்கு ஒருவர் என்று நிபுணர்கள் பங்கிட்டுக்கொண்ட உடம்பு, மறுபடியும் ஒரே மனிதராகக் கூடிவந்து நாற்காலியில் உட்காருவது அவர் முன்னிலையில்தான். அங்கே வருகிறவரின் வாழ்வு எத்தரத்தது என்பதை யார் அறிய முடியும், எதைக்கொண்டு அறிய முடியும், அறிந்தபின் வைத்தியரால் ஆகக்கூடியது என்ன என்பவற்றைக் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த சில ஆராய்ச்சிகளை வைத்துப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் உத்தேசம். சிகிச்சையின் சுமையும் நோயின் ஒரு பகுதியே என்றும், அச்சுமையை நிறுத்துப் பார்க்க வினாத்தாள் துணையாகலாமேயன்றி, நோயாளியோடும் அவர் குடும்பத்தோடும் நீண்ட பழக்கமும் போதிய அவகாசமும் உள்ள ஒரு வைத்தியரின் இடத்தை அது நிரப்பாது என்றும் நான் கருதுகிறேன். இக்கருத்துக்கு எதிரான சான்றும் உண்டு. அதையும் உரிய இடத்தில் எடுத்துக்கொள்வோம்.

1982ஆம் ஆண்டின் சாட்சியம்

பிரிட்டனின் பொது வைத்தியர் ராயல் கல்லூரியின் சஞ்சிகையில் 1982ஆம் ஆண்டு, ஜாச்சக் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் மூன்றே பக்க அளவில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். இரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிட்டுவந்த 75 நோயாளிகளைப் பற்றியது அது. அவர்கள் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. ஆராய்ச்சியாளர் செய்த புதுமை யாதெனில், சிகிச்சை தொடங்கியபின் அந்த நோயாளிகளின் வாழ்க்கை மேம்பட்டதா, சீர்கெட்டதா என்று வைத்தியரையும் நோயாளியையும் நோயாளியோடு வாழும் நெருங்கிய உறவினரையும் தனித்தனியே கேட்டதுதான். வைத்தியர்கள், 75 பேருமே மேம்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர், அதாவது 48 விழுக்காட்டினர், மேம்பட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு மாறுதலும் தெரியவில்லை. உறவினர்களோ, ஏறத்தாழ ஒருவர் தவறாமல், நிலைமை மோசமாகிவிட்டதாகவே சொன்னார்கள். ஞாபக மறதி, சிடுசிடுப்பு, சோர்வு, காரியங்களில் ஊக்கமின்மை, தாம்பத்திய விருப்பம் குன்றுதல், எந்நேரமும் உடம்பைப் பற்றியே கவலைப்படுதல் ஆகியவை அவர்கள் எடுத்துரைத்த குறைகள்.

வைத்தியர் பொய் சொல்லவில்லை. அழுத்தமானியின் பாதரசம் இறங்கியிருந்தது, நோயாளி புதிதாக ஒரு குறையும் சொல்லவில்லை, இவ்விரண்டையும் கொண்டு அவர் முடிவு செய்தார். நோயாளியும் தமக்குத் தெரிந்ததையே சொன்னார். மெல்ல மெல்ல ஊக்கம் குன்றிவருகிறவருக்கு அந்தக் குன்றல் தம் சுபாவமாகவே தோன்றிவிடும், அல்லது வயதின்மேல் பழி போய்விடும். தினந்தோறும் அவரோடு உண்டு, உறங்கி, பேசி, சண்டையிட்டு வாழ்கிறவருக்குத்தான் முன்பிருந்த மனிதருக்கும் இப்போதிருக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

இந்த ஆராய்ச்சியின் குறைபாடுகளை மறைத்துவிட்டு அதைப் போற்றுவது நியாயமாகாது. எண்ணிக்கை சிறிது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்து சாப்பிடாத ஒரு கூட்டம் இல்லை, உறவினர்கள் தம் சொந்தச் சலிப்பையும் நோயாளியின் கணக்கில் எழுதியிருக்கலாம். மேலும், கெடுதல் மருந்தினால் விளைந்ததா, ‘நீ நோயாளி’ என்று முத்திரையிடப்பட்டதனால் விளைந்ததா என்ற சந்தேகமும் உண்டு. கனடாவில் எஃகு ஆலைத் தொழிலாளரிடையே நடந்து 1978இல் வெளியான ஹெய்ன்ஸ், சாக்கெட் முதலியோரின் ஆராய்ச்சி, தமக்கு இரத்தக் கொதிப்பு உண்டென்று புதிதாக அறிந்த தொழிலாளர்கள், மருந்து தொடங்கப்பட்டதோ இல்லையோ, முன்னைவிட அதிக நாள் வேலைக்கு வராமல் நின்றார்கள் என்று காட்டியது. இருந்தும், மருந்தின் பங்கை அடியோடு மறுக்க முடியாது. 1986இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், குரூக் என்பவரின் தலைமையில் 600க்கு மேற்பட்ட ஆண்களிடம் மெத்தில்டோபா, புரோப்ரனலால், காப்டோப்ரில் என்னும் மூன்று மருந்துகளை ஒப்பிட்டபோது, இரத்த அழுத்தத்தை அடக்குவதில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, நோயாளியின் நல்லுணர்வில் மட்டும் காப்டோப்ரில் முந்தியும் மெத்தில்டோபா பிந்தியும் நின்றன. அந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தவர் காப்டோப்ரில் தயாரிப்பாளரே என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆயினும், அழுத்தமானியில் ஒரே எண்ணைக் காட்டும் இருவரின் வாழ்க்கை ஒரே மாதிரி இருக்கவேண்டிய அவசியமில்லை என்பது அதனால் நிலைபெற்றுவிட்டது.

அளவுகோல்களின் சரித்திரம்

நோயாளியின் நிலையை எண்ணாக்க வேண்டும் என்ற ஆசை பழையது. 1940களின் இறுதியில் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஈடுபட்டிருந்த கார்னாஃப்ஸ்கி வகுத்த அளவுகோலில் 100 என்பது முழு ஆரோக்கியம், 0 என்பது மரணம். இடையிலுள்ள மதிப்பை வைத்தியரே பார்த்து இட்டார், நோயாளியை ஒன்றும் கேட்கவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில், 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனம், ஆரோக்கியமாவது நோயின்மை மாத்திரமன்று, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் முழுநலம் பெற்றிருத்தலே என்று வரையறுத்தது. அந்த இலட்சியத்துக்கும் கார்னாஃப்ஸ்கியின் அளவுகோலுக்கும் இருந்த தூரத்தைக் கடக்க நாற்பது ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று நகரங்களில், வைத்தியரைப் பார்க்க வந்த 9,385 பேரிடம் வினாத்தாள் கொடுத்து நடத்தி 1989இல் வெளியான ஆராய்ச்சி இத்துறையில் ஒரு திருப்பம். ஒன்பது நாட்பட்ட வியாதிகளுள் எட்டு, மனிதரின் நடமாட்டத்தையும் வேலையையும் உறவுகளையும் மனநிலையையும் குறிப்பிடத்தக்க அளவு பாதித்தன. இரத்தக் கொதிப்பு மிகக் குறைவாகவும், இருதய நோயும் குடல் சம்பந்தமான கோளாறுகளும் மிக அதிகமாகவும் பாதித்தன. ஆனால் அக்கட்டுரையில் நான் அதிக முக்கியத்துவம் கொடுப்பது வேறொரு முடிவுக்கு. ஒரே வியாதியுள்ளவர்களுக்குள்ளேயே வாழ்வின் தரம் வெகுவாக வேறுபட்டது. வியாதியின் பெயரைக்கொண்டு அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியைத்தான் விளக்க முடிந்தது. ‘இவருக்குச் சர்க்கரை வியாதி’ என்று ஏட்டில் எழுதியதனால், அவர் எப்படி வாழ்கிறார் என்பதில் நாம் அறிந்தது சொற்பமே.

அதன்பின் அளவுகோல்கள் பெருகின. 36 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 1992இல் வெளியாகி உலகெங்கும் பரவியது. ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் குழு ஒன்று 1987இல் கூடி உருவாக்கத் தொடங்கிய ‘ஈக்யூ-5டி’ என்னும் படிவம் அதைவிடச் சுருக்கமானது: நடமாட்டம், தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளல், வழக்கமான காரியங்கள், வலி அல்லது அசௌகரியம், கவலை அல்லது மனச்சோர்வு ஆகிய ஐந்தே கேள்விகள். பொது வைத்தியத்தில் நடக்கும் பெரிய பரிசோதனைகள் பல இதைக்கொண்டே தீர்ப்புச் சொல்கின்றனவாதலால், இதன் தன்மையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். படிவம் கேட்பது இன்றைய நிலையை மாத்திரம். நாட்பட்ட நோயோ நல்ல நாளும் கெட்ட நாளுமாக மாறி மாறி வருவது. மூட்டுவாதக்காரர் வலி குறைந்த நாளில்தான் வெளியே கிளம்பி வைத்தியரிடம் வந்து படிவத்தை நிரப்புகிறார். மேலும், ஐந்து விடைகளைச் சேர்த்து ஒரே எண்ணாக மாற்றும் விலைப்பட்டியல் நோயாளிகளிடம் கேட்டுத் தயாரிக்கப்பட்டதன்று. பிரிட்டனில் 1990களில் பொதுமக்களுள் ஏறத்தாழ 3,000 பேரிடம், இன்ன நிலையில் பத்தாண்டு வாழ்வதற்குப் பதிலாக முழு ஆரோக்கியத்தோடு எத்தனை ஆண்டு வாழ்ந்தால் சம்மதிப்பீர்கள் என்று கேட்டு வகுக்கப்பட்டது. அந்த நிலையில் வாழாதவர்கள், அதைக் கற்பனை செய்து இட்ட மதிப்பு அது.

கற்பனைக்கும் அனுபவத்துக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்னும் இருவர் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கடுமையான அல்லது நடுத்தரமான ஊனமுற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் வாழ்வு நன்றாகவோ மிக நன்றாகவோ இருப்பதாகக் கூறினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் எவரும் அப்படி மதித்திருக்கமாட்டார். மனிதர் தம் நிலைக்கேற்பத் தம் அளவுகோலையே மாற்றிக்கொள்கிறார் என்று சிலர் இதற்குச் சமாதானம் சொல்வர். இருக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தை அளவையில் புகுந்த பிழையாகக் கருதித் திருத்த முயல்வது எனக்கு உடன்பாடில்லை. நோயோடு வாழக் கற்றுக்கொள்ளுதல் என்பது அதுதானே!

இந்தச் சரித்திரத்தில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 1990களில் தன் வாழ்க்கைத்தர வினாத்தாளை உருவாக்கியபோது, ஒரு நாட்டில் செய்ததை மற்ற நாடுகளுக்குப் பெயர்க்கும் வழக்கத்தை விட்டு, 15 நிலையங்களில் ஒரே சமயத்தில் அந்தந்த ஊர் மக்களோடு கலந்து பேசிக் கேள்விகளை வகுத்தது. மெல்போர்ன், தோக்கியோ, பாங்காக், ஹராரே, பார்சிலோனா முதலியவற்றோடு தில்லியும் சென்னையும் அந்தப் பதினைந்தில் இடம்பெற்றன. அதன் சுருக்கப் படிவத்தில் 26 கேள்விகள்: உடல், உளம், உறவுகள், சுற்றுப்புறம் என்று நான்கு பிரிவு. அன்றாட வாழ்வை நடத்த உங்களுக்கு எவ்வளவு மருத்துவச் சிகிச்சை தேவைப்படுகிறது, தேவைக்குப் பணம் இருக்கிறதா, போக்குவரத்து வசதி எப்படி என்றெல்லாம் அது கேட்கிறது. ஐந்து கேள்விப் படிவத்தைவிட இது நம் மக்களின் வாழ்வுக்கு நெருங்கியது என்பதில் ஐயமில்லை.

சிகிச்சை சுமையாகும் விதம்

மாலைநேரக் கிளினிக் ஒன்றில், டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்தபோது நான் கண்ட ஓர் அம்மாளின் நிலையை இங்கே சொல்லலாம். அறுபத்தைந்து வயதிருக்கும். ஜவுளிக்கடை மஞ்சள் பையொன்றில் எக்ஸ்ரே படமும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் மூன்று வெவ்வேறு டாக்டர்களின் மருந்துச் சீட்டுகளும் மடிப்பு கிழியும்படி அடைத்து வைத்திருந்தார். கால் வீங்கியிருந்தது. உள்ளே டாக்டர், “நீர் மாத்திரை விடாமச் சாப்பிடுறீங்களாம்மா?” என்று கேட்டபோது, “சாப்பிடுறேன் டாக்டர்” என்றார். கதவு திறந்தே இருந்தது, கூட வந்திருந்த மருமகள்தான், “இல்லீங்க டாக்டர், வெளியூர் போற அன்னிக்கு அத்தை அதைத் தொடவே மாட்டாங்க. பஸ்ல நாலு மணி நேரம், எங்க இறங்கிப் போறதுன்னு பயம். போன மாசம் பூரா ஒரே கல்யாணமும் காதுகுத்துமா இருந்துச்சு” என்றாள். டாக்டர் சற்று யோசித்து, பிரயாண நாளில் அந்த மாத்திரையை ஊர் போய்ச் சேர்ந்தபின் பிற்பகலில் போட்டுக்கொள்ளலாம் என்றும், இரவில் மட்டும் வேண்டாம் என்றும் சீட்டில் எழுதிக்கொடுத்தார். எந்த வினாத்தாளும் கேட்டறிந்திராத செய்தி அது. கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில் முடங்கிக் கிடப்பதா, மாத்திரையை விட்டுவிட்டுக் கால் வீங்கிக்கொள்வதா என்று அந்த அம்மாள் ஒரு மாத காலம் தமக்குள்ளேயே வழக்காடித் தீர்ப்பும் செய்திருந்தார். தவறான தீர்ப்புதான், ஆனால் அவருடைய வாழ்வில் எது பெரிது என்பதை அது தெளிவாகக் காட்டியது.

இத்தகைய சுமையைப் பற்றிய ஆராய்ச்சி 2005இல் வேகம் பெற்றது. சிந்தியா பாய்டும் சகாக்களும் அமெரிக்க மருத்துவச் சங்க சஞ்சிகையில் அவ்வாண்டு எழுதிய கட்டுரையில், 79 வயதான ஒரு மூதாட்டியைக் கற்பனை செய்தார்கள். அவருக்கு இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, மூட்டுத் தேய்வு, எலும்பு நலிவு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு என்று ஐந்து வியாதிகள்; ஐந்தும் கடுமையானவை அல்ல. அந்தந்த வியாதிக்கென்று நிபுணர் குழுக்கள் வகுத்த நெறிமுறைகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால், அந்த மூதாட்டி 12 மருந்துகளை, நாளைக்கு ஐந்து வேளையாக, 19 முறை உட்கொள்ள வேண்டியதாயிற்று. மாதச் செலவு 406 டாலர். உணவிலும் தேகப்பயிற்சியிலும் பரிசோதனையிலும் அனுசரிக்க வேண்டியவை அதற்கு மேல். ஒரு வியாதிக்குச் சொன்ன விதி மற்றொரு வியாதிக்கு விரோதமாகவும் இருந்தது. ஒவ்வொரு நெறிமுறையும் தன்னளவில் நியாயமானது. ஒன்றுசேர்ந்தபோது அவை ஒரு மனிதரால் வாழ முடியாத ஒரு நாளை உண்டாக்கின.

நான்கு ஆண்டு கழித்து, கார்ல் மே, விக்டர் மொன்டோரி, ஃபிரான்சஸ் மேர் ஆகிய மூவர், வாழ்க்கையைக் கூடியவரை குலைக்காத மருத்துவம் வேண்டும் என்று பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வாதிட்டார்கள். மருந்து சாப்பிடத் தவறுபவரைக் கீழ்ப்படியாதவர் என்று சொல்வதற்கு முன், நாம் அவர்மீது ஏற்றியிருக்கும் வேலை அவர் சக்திக்கு உட்பட்டதா என்று பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் தாத்பரியம். நீரிழிவுக்காரர்களிடம் நடந்து 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியும் இதற்கு ஆதாரம் தருகிறது: பல மாத்திரைகளும் ஊசியும் கட்டுப்பாடும் சேர்ந்த முழுச் சிகிச்சையின் தொந்தரவை, நடுத்தரமான சில நீரிழிவுச் சிக்கல்களின் தொந்தரவுக்கு நிகராகவே நோயாளிகள் மதித்தார்கள். பிரிட்டனின் நீரிழிவுப் பெரும்பரிசோதனையோ, 1999இல், சிக்கல்கள்தாம் வாழ்வின் தரத்தைக் குறைக்கின்றன, தீவிர சிகிச்சை குறைப்பதில்லை என்று வேறு முடிவு சொன்னது. இரண்டும் முரண்படுவதாக எண்ண வேண்டியதில்லை. பின்னது பெருங்கூட்டங்களின் சராசரியைப் பொதுவான படிவங்களால் அளந்தது. முன்னது சிகிச்சையை நேராகவே எடைபோடும்படி நோயாளியைக் கேட்டது. சராசரியில் மறைந்து போகிற சுமை, நேராகக் கேட்டால் வெளிப்படுகிறது.

2016இல் பிரிட்டனின் ‘நைஸ்’ ஸ்தாபனம், பல நாட்பட்ட வியாதிகள் ஒருங்கே உள்ளவர்களைப் பற்றிய தன் நெறிமுறையில், சிகிச்சையின் சுமையை நோயாளியோடு பேச வேண்டும் என்றும், பயன் குறைந்த மருந்துகளை நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. மருந்தைக் கூட்டுவதற்கு ஆயிரம் விதிகள் இருக்க, குறைப்பதற்கு அதிகாரபூர்வமாக ஒரு வாய்ப்புக் கிடைத்தது பெரிய காரியமே.

வறுமையின் கணக்கு

பல வியாதிகள் ஒருங்கே சேர்வது முதுமையின் விஷயம் மாத்திரம் என்று பலகாலம் நம்பப்பட்டு வந்தது. ஸ்காட்லாந்தில் 314 பொது வைத்திய நிலையங்களின் ஏடுகளைக்கொண்டு, ஏறத்தாழ பதினேழரை இலட்சம் மக்களைப் பற்றி பார்னெட் முதலியோர் 2012இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி அந்த நம்பிக்கையைக் கலைத்தது. மக்களில் 23.2 விழுக்காட்டினருக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டோ நாட்பட்ட வியாதிகள் இருந்தன. அவ்வாறுள்ளவர்களின் மொத்த எண்ணிக்கையில் 65 வயதுக்கு உட்பட்டோரே அதிகம். மிக வறிய பகுதிகளில் வாழ்பவர்களுக்கு இந்நிலை, வசதியுள்ள பகுதிகளைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே வந்து சேர்ந்தது. உடல்நோயோடு மனநோயும் கலந்திருந்ததும் வறியவரிடையேதான் மிகுதி.

தேவை மிகுந்த இடத்தில் நல்ல மருத்துவம் அருகியும், தேவை குறைந்த இடத்தில் மலிந்தும் கிடைக்கிறது என்பதை ஒரு விதியாகவே 1971இல் எழுதியவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். தென் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு நலிந்துபோன க்ளின்காரக் என்னும் கிராமத்தில் அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் பொது வைத்தியராக இருந்தார். தம் பொறுப்பிலிருந்த பெரியவர்கள் அனைவருக்கும், அவர்கள் வேறு எந்தக் காரணத்துக்காக வந்தாலும், இரத்த அழுத்தத்தை அளந்து பதிவு செய்தார். தாமாக வராதவரை வீடு தேடிப் போய் அளந்தார். 1991இல் வெளியிட்ட கணக்கின்படி, அக்கிராமத்தின் இறப்பு விகிதம் அண்டைக் கிராமத்தைவிட நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஆயுளைப் பற்றிய கணக்கே அது. வாழ்வின் தரத்தை அது நேராகக் கூறவில்லை. ஆனால் அவருடைய நூல்களில் திரும்பத் திரும்ப வற்புறுத்தப்படும் கொள்கை, ஆரோக்கியத்தை வைத்தியரும் நோயாளியும் கூடி உற்பத்தி செய்கிறார்கள், நோயாளி அதை விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறவரல்லர் என்பது. ஒரே ஊரில், ஒரே மக்களோடு, அவர்களுடைய வேலையையும் வேலையின்மையையும் குடும்பக் கலகங்களையும் அறிந்து வாழ்ந்த ஒருவருக்கே அந்தக் கொள்கை அனுபவமாகக் கிடைத்திருக்க முடியும். இந்தத் துறையில் எழுதியவர்களுள் என் மதிப்பில் முதலிடம் அவருக்கே.

ஒரு பெரும் பரிசோதனையும் அதன் விளைவும்

2004இல் பிரிட்டிஷ் அரசாங்கம் பொது வைத்தியர்களின் வருமானத்தில் கணிசமான பகுதியை, நீரிழிவுக்காரர்களில் இத்தனை பேருக்குச் சர்க்கரை அடங்கியதா, இத்தனை பேருக்கு அழுத்தம் அளக்கப்பட்டதா என்ற குறியெண்களோடு இணைத்தது. பதிவேடுகள் சீர்பட்டன, அது நன்மையே. ஆனால் வியாதிக்கொரு மதிப்பெண் என்று வகுத்ததனால், மூன்று வியாதியுள்ளவர் மூன்று தனித்தனி பரிசோதனைகளுக்கு அழைக்கப்பட்டு, ஒன்றுக்கும் அவருடைய முழு வாழ்வையும் சொல்ல இடமில்லாமற் போயிற்று. ஸ்காட்லாந்து 2016இல் அம்முறையைக் கைவிட்டது.

அதற்கு மாற்றாக ஒருமித்த கவனிப்பைச் சோதித்துப் பார்த்தது ‘3டி’ என்னும் பரிசோதனை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 33 வைத்திய நிலையங்கள். மூன்றோ அதற்கு மேற்பட்டோ நாட்பட்ட வியாதிகளுள்ள 1,546 பேர். தனித்தனி பரிசோதனைகளுக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையான ஒரு சந்திப்பு; உங்களுக்கு மிக முக்கியமான கவலை எது என்பது முதற்கேள்வி; மனச்சோர்வு விசாரணை; மருந்துகளின் மறுபரிசீலனை. 2018இல் முடிவு வெளியாயிற்று. தங்களைக் கவனித்த விதம் மேம்பட்டதாக நோயாளிகள் தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் 15 மாதத்துக்குப் பின் ‘ஈக்யூ-5டி’ படிவத்தால் அளந்தபோது, வாழ்வின் தரத்தில் ஒரு வித்தியாசமும் காணப்படவில்லை.

இக்கட்டுரையின் கருத்துக்கு எதிரான சான்று இதுவே, இலேசானதன்று. நல்ல கவனிப்பினால் வாழ்வு மேம்படாது, மேம்பட்டதாக நோயாளி திருப்திப்படுவதோடு சரி என்று ஒருவர் இதிலிருந்து முடிவு கட்டலாம். அளவுகோல் குறுகியது என்று அதன்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்வது எனக்கு எளிது. ஆனால் முழு நியாயமாகாது, ஏனெனில் அந்தப் பரிசோதனையில் வேறு அளவுகோல்களும் உபயோகிக்கப்பட்டன. சிகிச்சையின் சுமையைக்கூட அளந்தார்கள், அதுவும் குறையவில்லை. இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. உத்தேசித்த இரு முழுச் சந்திப்புகளும் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கே கிடைத்தன. வேலை நெருக்கடியில் வைத்தியர்களால் அதற்குமேல் முடியவில்லை. மூன்று வியாதிகள் முப்பது ஆண்டுகளில் ஒரு வாழ்க்கைக்குச் செய்ததை, பதினைந்து மாதங்களில் ஓரிரு சந்திப்பு மாற்றிவிடும் என்று எதிர்பார்த்ததே மிகையென்று தோன்றுகிறது.

இதற்கு மாறாக, கிளாஸ்கோவின் வறிய பகுதிகளில் ஸ்டூவர்ட் மெர்சர் முதலியோர் எட்டு நிலையங்களில் 152 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட சிறு பரிசோதனையில், அரைமணி முதல் முக்கால் மணி வரை நீண்ட சந்திப்பும், அதே வைத்தியரோ நர்ஸோ தொடர்ந்து கவனிப்பதும், கவனிப்பவர்களுக்கே ஆதரவும் ஏற்பாடு செய்யப்பட்டன. ஓராண்டு முடிவில் நோயாளிகளின் மனவாட்டம் குறைந்திருந்தது, செலவும் பெற்ற பலனுக்குத் தக்கதாகவே இருந்தது. எண்ணிக்கை சிறிதாகையால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், படிவத்தை மாற்றியதைவிட நேரத்தைக் கூட்டியதே பலன் தந்தது என்று நினைக்க இடமுண்டு. அந்த நேரமோ அரிய பொருள். 67 நாடுகளின் ஆராய்ச்சிகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, பொது வைத்தியர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிஷம், வங்காளதேசத்தில் 48 விநாடி. உலக மக்களில் பாதிப்பேர் வாழும் நாடுகளில் ஐந்து நிமிஷமோ அதற்கும் குறைவோ.

தமிழ்நாட்டில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது பத்துக் கோடிப் பேருக்கு, நீரிழிவு உண்டென்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் இவர்களை எதிர்கொள்ளும் பொது வைத்தியம் ஒருமுகப்பட்டதன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒருபுறம், தெருமுனைக் கிளினிக் ஒருபுறம், நகரத்துப் பெரிய டாக்டர் ஒருபுறம், சீட்டில்லாமலே மாத்திரை கொடுக்கும் மருந்துக்கடை ஒருபுறம் என்று நோயாளி அலைகிறார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் ஏடு அவருடைய பை ஒன்றே.

இந்நிலையில், 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நாட்பட்ட நோயாளியின் சுமையில் ஒரு பகுதியை உண்மையாகவே இறக்கி வைத்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கிறார்கள். மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புக் கவனிப்பும் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரைக்காக ஒருநாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, வரிசையில் நின்ற விவசாயக் கூலியாளுக்கு இது எத்தகைய உபகாரம் என்பதை வரிசையில் நின்றவரே அறிவார். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது.

ஆனால் திட்டத்தின் வெற்றியைக் கூறும்போது சொல்லப்படுவன பரிசோதிக்கப்பட்டவர் எண்ணிக்கையும் மருந்து பெற்றவர் எண்ணிக்கையுமே. வீட்டுக்குள் நுழைந்து திண்ணையில் உட்காரும் அந்தத் தன்னார்வலப் பெண், வைத்தியர் ஒருநாளும் காணாததைக் காண்கிறாள்: பிரிக்கப்படாத மாத்திரை அட்டையை, பேரனுக்குச் செய்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்துபோகும் தாத்தாவை, ‘முன்ன மாதிரி இல்ல, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறாரு’ என்று தாழ்ந்த குரலில் சொல்லும் மனைவியை. 1982இல் ஜாச்சக் தேடிப்போய்க் கேட்க வேண்டியிருந்த உறவினரின் சாட்சியம் அவள் காதில் மாதந்தோறும் விழுகிறது. அதை எழுதிக்கொள்ள ஒரு பத்தி அவளுடைய பதிவில் வேண்டும், சென்னையில் பண்படுத்தப்பட்ட வினாத்தாளிலிருந்து மூன்று நான்கு கேள்விகளை எடுத்து அதற்கு அமைத்துக்கொள்ளலாம். எழுதியது ஆரம்ப சுகாதார நிலையத்து மேஜைக்கு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. காலை நேரத்தில் நூற்றுக்கணக்கானவரைப் பார்த்தனுப்ப வேண்டிய டாக்டருக்கு, மூன்று நான்கு வியாதிகள் உள்ளவர்களுக்கென்று வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கித் தர வேண்டும். நகரத்து நிபுணர் எழுதிய மாத்திரையானாலும் பயனில்லையென்று கண்டால் அதை நிறுத்தும் அதிகாரமும், நிறுத்தியதற்காக அவரைக் கேள்வி கேளாத மேலதிகாரியும் அவருக்கு வேண்டும்.